தகரக் கதவைத் திறந்து வைத்த நாள்

ஒப்பாரி சற்று ஓய்ந்து கொல்லைப்புறத்தில் மண்வெட்டி விழும் சத்தம் கேட்டதும், செத்துக் கிடந்த புருஷன் கெர்குலாவின் காலைத் துடைத்துக்கொண்டிருந்த நியாமா ஈரத்துணியை அவன் முழங்கால்மேல் அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள், பாவம், துக்கம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெந்து மாமி அவளைப் பிடித்து உட்காரவைக்கக் கை நீட்டினாள். கை எட்டவில்லை.

கெர்குலாவின் அண்ணன் தோக்பா சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, துவைக்கிற மேடைக்குப் பக்கத்தில், வெட்டிய மரத்தின் அடிக்கட்டையோரம் தோண்டிக்கொண்டிருந்தார். முழங்கால் ஆழம் இறங்கியிருந்தது.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"தம்பிக்கு எடம் பாக்கறேன். வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும்."

"இங்கயா?"

"பின்ன? சொந்த மண்ணு இருக்கையில அவனை எதுக்குப் பொது இடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போவணும்? அங்க ஒருத்தன் நெஞ்சுமேல ஒருத்தனப் படுக்க வைக்கிறான். நீ அறியாதவ, சொல்றேன் கேளு. கல்லறை இருக்கிற வீட்ட இந்த மன்ரோவியாவுல எவனும் விலை பேசமாட்டான், எவனும் புடுங்கவும் மாட்டான். நாளைக்கே எவனாச்சும் அமெரிக்காவுலேர்ந்து வந்து இது எங்கப்பன் வீடுன்னு நின்னா, மொதல்ல என் தம்பியத் தோண்டி எடு, அப்புறம் பேசுன்னு சொல்லிடலாம். செத்தும் உனக்குக் காவலா இருப்பான்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் காவலுக்கு அந்தக் கொல்லையில் ஏற்கெனவே ஒருவர் படுத்திருந்தார்.

உள்நாட்டுச் சண்டை ஓய்ந்த மறு வருஷம் வாங்கிய வீடு அது. அதுவரை அகதி முகாமில் பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே இருந்தவர்கள். வார்னி என்கிற கிழவர் இந்த வீட்டைக் காட்டினார். சண்டைக் காலம் முழுக்க அவர்தான் காவலிருந்தாராம், வீட்டுக்காரர்கள் வேரோடு போய்விட்டார்களாம், அதனால் விற்கிற உரிமை அவருக்குத்தானாம். கூரை இல்லை, ஜன்னல் சட்டங்களைக்கூட யாரோ பெயர்த்துப் போயிருந்தார்கள், சுவரெல்லாம் குண்டுத் துளை. ஆனாலும் நாலு சுவர். விலையோ கோழிக்கூட்டு விலை. கொல்லையில் மரவள்ளி செழித்து நின்றது. கெர்குலா அதைப் பார்த்து, நல்ல மண் என்று சந்தோஷப்பட்டான்.

மரவள்ளியைப் பிடுங்கிய அன்றுதான் அதன் கீழே சிமெண்ட் பலகை தட்டுப்பட்டது. கெர்குலாவுக்கு எழுத்து தெரியாது. நியாமா எழுத்துக் கூட்டிப் படித்தாள். சைலஸ் என்று இருந்தது. அதற்குமேல் படிக்க அவன் விடவில்லை. வார்னிக் கிழவரைத் தேடிப் போனால் அவர் ஊரைவிட்டே போயிருந்தார், கொடுத்த பணமும் அவரோடு போயிருந்தது. மூன்று வீடு தள்ளி ஒரு குடும்பத்தை அப்போதுதான் சட்டி பானையோடு மழையில் இறக்கிவிட்டிருந்தார்கள். அந்த வீட்டின் சொந்தக்காரன் கானாவிலிருந்து திரும்பிவிட்டான். கெர்குலா சுத்தியலை எடுத்து எழுத்துகளை உடைத்தான். மேலே கனமாகக் கான்கிரீட் போட்டுத் துவைக்கிற மேடையாக்கினான். சிமெண்டும் மணலும் குழைத்துக் கொடுத்தது நியாமாதான். தலைமாட்டில் நின்ற சீமைப்பலா அடையாளம் காட்டிவிடும் என்று அதையும் வெட்டினான். கடைசியாய்க் காய்த்த காய்களை வறுத்துத் தின்றார்கள்.

அன்றிலிருந்து அவனுக்கு நிம்மதி போயிற்று. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். வருஷத்தில் மற்ற நாள்களை எப்படியோ ஓட்டிவிடுவான். மார்ச் மாதம் கல்லறை அலங்கரிக்கிற நாள் வந்தால் மட்டும் ஆள் வேறு ஆளாகிவிடுவான். அன்று ஊரே புல் வெட்டும் கத்தியும் சுண்ணாம்பு வாளியுமாகத் தன் தன் செத்தவர்களைத் தேடிப் புறப்படும். இவன் தகரக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டு, சங்கிலி மாட்டி, அதன் அருகிலேயே முக்காலியில் உட்கார்ந்திருப்பான். போகிற வாளிகளின் கிணுகிணுப்பைக் கேட்டு வியர்ப்பான். பிரஷர் மாத்திரை கொடுத்த டாக்டர், மனசுல எதையும் வச்சுக்காதீங்க என்று சொன்னார். மனசில் வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. கொல்லையில் அல்லவா வைத்திருந்தான்.

இந்த வருஷம் அந்த நாள் விடியும்போது செத்துப்போனான். வாய் கோணிக்கொண்டது, இடது கை விழுந்துவிட்டது, அப்போதும் கேட்டான்: "கதவப் பூட்டினியா?" பூட்டிவிட்டேன் என்று அவள் சொன்னாள். அதுதான் அவன் காதில் விழுந்த கடைசிப் பேச்சு.

இப்போது அந்தக் கதவு ஆள்கள் வந்து போக வசதியாக அகலத் திறந்து கிடந்தது. சாவு வீட்டுக் கதவை எப்படிப் பூட்டுவது?

"அண்ணே, இங்க வேணாம்," என்றாள் நியாமா. "இடுகாட்டுக்கே கொண்டு போயிடலாம்."

தோக்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "ஏன்?"

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள். அது உண்மை.

"புருஷனப் பாத்துப் பயமா? உசுரோட இருக்கறப்ப வராத பயம் இப்ப எங்கேர்ந்து வந்துது?" அவர் குழிக்குள்ளிருந்து ஏறி வந்தார். "இல்ல, வேற கணக்கா? கல்லறை இருந்தா வீட்ட விக்க முடியாதே. வித்துட்டு வேற எவன் கூடயாவது போறதா உத்தேசமா? மொதல்லயே சொல்லிடு. நாங்க ஏன் குறுக்க நிக்கப் போறோம்."

தோண்டக் கூட வந்திருந்த இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கொல்லை வாசல்படியில் நின்ற பெந்து மாமி, "சாவு வீட்ல என்ன பேச்சு இது, தோக்பா," என்றாள். ஆனால் அவளும் நியாமாவின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டாள். நியாமாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்று சாயங்காலத்துக்குள் சந்து முழுக்க இந்தப் பேச்சு போய்விடும். போகட்டும். இன்னும் ஓரடி அந்தப் பக்கம் வெட்டினால் சிமெண்டில் இடிக்கும். அதைவிட இது மேல்.

"என்ன வேணா நெனச்சுக்குங்க," என்றாள். "இங்க வைக்க விடமாட்டேன்."

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள்.

துக்கம் கேட்க வந்தவள் என்றே எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். நல்ல உடுப்பு, வெளிநாட்டுச் செருப்பு, செருப்பெல்லாம் செம்மண். வலது கையில் ஒரு சுண்ணாம்பு வாளி, அதன்மேல் குறுக்காக ஒரு பிரஷ்.

இத்தனை வருஷம் கெர்குலா முக்காலியில் உட்கார்ந்து பயந்தது இந்த வாளிக்குத்தான்.

"மன்னிச்சுக்குங்க, சாவு நடந்த வீடுன்னு தெரியாது," என்றாள் வந்தவள். "வீடு வீடா விசாரிச்சுக்கிட்டு வர்றேன். எம் பேரு கொர்னேலியா. சண்டைக்கு முன்னால நாங்க இந்தச் சந்துலதான் இருந்தோம். எந்த வீடுன்னுதான் தெரியல. நான் ரொம்பச் சின்னப் பொண்ணு அப்ப."

"அடக் கடவுளே," என்றாள் பெந்து மாமி. "ஒக்காரும்மா மொதல்ல. வெயில்ல சுத்தியிருக்கே."

உட்கார வேறு இடம் எதுவும் இல்லை, நாற்காலிகளெல்லாம் வாசலில் போட்டிருந்தார்கள். கொர்னேலியா துவைக்கிற மேடைமேல் உட்கார்ந்தாள். வாளியைப் பக்கத்தில் வைத்தாள்.

மகள் லோர்ப்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொர்னேலியா ஒரே மூச்சில் குடித்தாள்.

"எங்கப்பாவ வீட்டுக் கொல்லையிலயே பொதச்சாங்க," என்றாள். "சண்டை வந்ததும் அம்மா எங்களத் தூக்கிக்கிட்டு ஓடிட்டா. போன வருஷம் அவளும் போயிட்டா. சாகறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. சைலஸுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆளே இல்லையேன்னு. தலைமாட்டுல ஒரு சீமைப்பலா நிக்கும்னு சொன்னா. சந்து பூரா தேடிட்டேன், ஒரு சீமைப்பலாவும் காணோம்."

கொர்னேலியாவின் பார்வை சுற்றிவந்து, தோக்பா வெட்டிய குழியருகே இருந்த அடிக்கட்டையில் நின்றது.

"அது என்ன மரம்க்கா?"

"மாமரம்," என்றாள் நியாமா.

தோக்பாவுக்குத் தெரியாது, அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர், மரம் இருந்த காலத்தில் இங்கே வந்ததில்லை. பெந்து மாமி அதற்கப்புறம் குடிவந்தவள். லோர்ப்பு மட்டும் காலிக் குவளையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். வறுத்த சீமைப்பலாவைத் தின்று விரல்களை நக்கிய குழந்தை அவள். நியாமா மகளின் கண்ணைப் பார்க்கவில்லை.

"கெடைச்சா என்ன பண்ணுவே?" என்று தோக்பா கேட்டார். அவருக்கு வந்தவள்மேல் சந்தேகம் தட்டியிருந்தது. "வீட்டக் கேப்பியா?"

"வீடு என் தம்பிக்கு வேணும். சர்வேயரக் கூட்டிக்கிட்டு வரப்போறான். கல்லறை இருக்கிற எடம் தெரிஞ்சாப் போதும், மத்தத கோர்ட்டு பாத்துக்கும்ங்கறான்." அவள் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அதெல்லாம் வேணாம்ணே. இன்னைக்கி ஒரு நாள் சுண்ணாம்பு அடிச்சுட்டுப் போயிட்டாப் போதும். நாளைக்கி எனக்கு விமானம்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நியாமாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. கொர்னேலியா உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழேதான் அவள் அப்பா இருக்கிறார். ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்குப் பிறகு சட்டி பானை, மழை, பிளாஸ்டிக் விரிப்பு. லோர்ப்புவைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? புருஷனும் இல்லை. அவள் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள்.

"இங்க கல்லறை ஒண்ணும் இல்லம்மா," என்றாள். "இருந்தா எங்களுக்குத் தெரியாமப் போகுமா."

கொர்னேலியா தலையாட்டினாள். எத்தனையோ வீட்டில் இதே பதிலைக் கேட்டவளின் தலையாட்டல். எழுந்திருக்கும்போது அவள் முழங்கை வாளியில் பட்டது. வாளி சாய்ந்து, நீர்த்த சுண்ணாம்பு மேடைமேல் கொட்டிற்று.

"ஐயோ, துவைக்கிற எடத்த அழுக்காக்கிட்டேனே."

"பரவால்ல, பரவால்ல." நியாமா பாய்ந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த துணியின் முனையால் துடைத்தாள். இடமும் வலமுமாக, அழுத்தி அழுத்தித் துடைத்தாள். தண்ணீர் ஊற்றி உள்ளங்கையாலும் தேய்த்தாள். ஈரச் சிமெண்ட் கறுத்துக் கிடந்தது, வெள்ளை எதுவும் தெரியவில்லை. ஒரு கறைக்கு இவ்வளவு பதற்றமா என்று பெந்து மாமி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொர்னேலியா வாளியை நிமிர்த்தி, அடியில் மிச்சம் இருந்ததைப் பார்த்தாள்.

"இத நீங்களே வச்சுக்குங்கக்கா," என்றாள். "உங்க வீட்டுக்காரருக்கு ஆகும். எனக்கு அடிக்க எடம் இல்ல." பிறகு நியாமாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச நேரம் அழுதாள். அழுகை உண்மையான அழுகை. நியாமாவும் அழுதாள். ஆனால் எதற்கு அழுகிறோம் என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கொர்னேலியா போனதும் தோக்பா வேலியிலிருந்து சட்டையை எடுத்து உதறினார். "பாத்தியா? இப்பத்தான் புரியுதா ஏன் சொன்னேன்னு? நாளைக்கி அவ தம்பி வருவான். இப்பயாவது சொல்லு, இங்கயே வச்சுடுவோம்."

"வேணாம்ணே."

அவர் குழியைக் காலாலேயே மண் தள்ளி மூடினார். கெர்குலாவைப் பலகையில் கட்டி, வாடகைக்குப் பிடித்த பிக்கப் வண்டியில் ஏற்றினார்கள். இடுகாட்டில் அன்று திருவிழாக் கூட்டம். புல் வெட்டுகிறவர்கள், பூ விற்கிறவர்கள், கல்லறைகளின் மேல் உட்கார்ந்து சோறு தின்கிறவர்கள். அந்த நெரிசலில் ஒரு மூலையில் அவனுக்கு இடம் கிடைத்தது. தோண்டியவன் மண்வெட்டியில் வந்த பழைய எலும்புகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "பழசுதான்," என்றான். மண் மூடியதும் தோக்பா வாளியில் இருந்த சுண்ணாம்பை அதன்மேல் கவிழ்த்தார். அது மண்ணில் ஊறிப்போயிற்று.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. தோக்பா சந்து முனையிலேயே இறங்கிக்கொண்டார், வீட்டுக்கு வரவில்லை. நியாமா உள்ளே வந்ததும் முதல் வேலையாகத் தகரக் கதவை மூடினாள். தாழ்ப்பாள் போட்டாள். சங்கிலியை மாட்டினாள். கெர்குலாவின் முக்காலி அங்கேயே கிடந்தது. அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

கை கால் கழுவக் கொல்லைக்குப் போன லோர்ப்பு அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க வாயேன்."

பகல் முழுக்க அடித்த வெயிலில் மேடை உலர்ந்திருந்தது. ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த சுண்ணாம்பு காய்ந்து வெளுத்திருந்தது. அவள் துணியால் இழுத்த இழுப்பும் உள்ளங்கையால் தேய்த்த தேய்ப்பும் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை பளிச்சென்று வெள்ளையாக இருந்தன.

லோர்ப்பு அதைப் பார்த்தாள். அடிக்கட்டையைப் பார்த்தாள். பிறகு நேற்று அந்த மேடைமேல் துவைத்துப் போட்டிருந்த அப்பாவின் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"கதவப் பூட்டிட்டியாம்மா?" என்று கேட்டாள்.