என் வீட்டு ரவுட்டருக்கு யாரு அட்மின்

"கிரண்ணு ஒருத்தன் வந்தானாமே?"

அத்தை கேட்டது இவ்வளவுதான். கறிவேப்பிலைய உருவிக்கிட்டே, கேஸ் வந்துச்சான்னு கேக்கற மாதிரி கேட்டாங்க. எனக்கு குப்புன்னு வேர்த்துச்சு. தப்பு பண்ணதால இல்ல. கிரண் வந்தது மத்தியானம். நீலசந்திராவுல எங்க சந்துல அந்நேரத்துக்கு நாய்கூட தூங்கும். ஆபீஸ்ல குடுத்தனுப்பின ஹெட்செட்ட குடுத்தான், டீ குடிச்சான், கொஞ்ச நேரம் பேசிட்டு இருந்தான், போனான். சரி, எவளாவது ஜன்னல் வழியா பார்த்திருப்பான்னே வெச்சுக்குவோம். ஆனா அவன் பேரு? அந்தப் பேர நான் ஒரு ஈ எறும்புகிட்டகூட சொல்லலயே!

"யாரு அத்தை சொன்னது?"

"பெரியவன்தான் சொன்னான்."

பெரியவன்னா என் வீட்டுக்காரரோட அண்ணன், சந்திரசேகரன். நான் மாமான்னு கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் தவறிப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. கீழ் வீட்டுல நானும் என் பொண்ணு தீபிகாவும், மாடியில அத்தையும் மாமா குடும்பமும். மாமாதான் எங்க ஏரியாவுக்கே கேபிளு, நெட்டு எல்லாம். பெரிய கம்பெனி நெட்ட எடுத்து சந்து சந்தா ஒயர் இழுத்து குடுக்கறாரு. வேற கம்பெனிக்காரன் ஏணியோட வந்தா கம்பத்துல காலே வைக்க விடமாட்டாரு. எனக்கோ நெட்டு இல்லனா சோறு இல்ல. ஒரு ஆஸ்பத்திரிக்கு வீட்டுலேர்ந்தே போன் எடுத்து அப்பாயின்ட்மென்ட் போட்டுக் குடுக்கற வேலை. தமிழு, கன்னடம், உருது, இங்கிலீஷ், எது வந்தாலும் பேசுவேன். போன் டேட்டாவுல கால் வெட்டி வெட்டி வரும், ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க.

கிரண் வந்த அன்னிக்கு மாமா சந்துலயே இல்ல. ஒயர் வாங்க எஸ்.பி. ரோட்டுக்கு போயிருந்தாரு. அப்ப எப்படி தெரியும்? யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சு, சோறு வடிக்கும்போதுதான் பொறி தட்டுச்சு. எங்க வீட்டுக்குள்ள சிக்னல் வராது. கிரண் வைஃபை கேட்டான், பாஸ்வேர்ட் குடுத்தேன். அவன் போனுக்கு அவன் பேரையே வெச்சிருக்கான். அந்தப் பேரு நேரா ரவுட்டருக்கு போயிருக்கு. ரவுட்டரு மாமா குடுத்தது.

அடப்பாவி மனுஷா! என் வீட்டு சுவத்துல ஒரு பெட்டிய மாட்டிவிட்டு, யாரு வர்றா யாரு போறான்னு மாடியில உக்காந்து பார்த்துட்டு இருக்கியா?

பெட்டிய கழட்டி பின்னாடி ஒட்டியிருந்த பேரையும் பாஸ்வேர்டையும் பார்த்து லேப்டாப்ல போட்டேன். உள்ள போச்சு. போய் என்ன பிரயோஜனம்? வைஃபைக்கு பேரு மாத்தலாம், பாஸ்வேர்ட் மாத்தலாம், அவ்ளோதான். மத்ததெல்லாம் பார்க்கணும்னா அட்மின்னா இருக்கணுமாம். நான் வெறும் யூசராம். என் வீட்டுல, என் கரண்ட்ல ஓடற பெட்டிக்கு நான் வெறும் யூசர்!

கம்பெனிக்கு போன் போட்டேன். எடுத்த பொண்ணு நான் பேசற அதே தேன் குரல்ல பேசினா. "அட்மின் ஆக்சஸ் கஸ்டமருக்கு குடுக்கறதில்ல மேடம். உங்க ஏரியா பார்ட்னர்கிட்ட கேளுங்க."

ஏரியா பார்ட்னர் யாரு? மாமா. திருடன் கையில சாவியக் குடுத்துட்டு, வீட்டுக்காரிய திருடன்கிட்டயே போய் வாங்கிக்கோன்னா எப்படி?

போய்க் கேட்டேன். சிரிச்சாரு. "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நெட்டு வருதில்ல, போதும்ல."

ஊக்க எடுத்து ரீசெட் ஓட்டையில குத்தினேன். நெட்டே செத்துப் போச்சு. அன்னிக்கு பாதி நாள் வேலை போச்சு. மாமா இறங்கி வந்து ஏதோ தட்டினாரு, நெட்டு வந்துச்சு, பூட்டும் திரும்ப வந்துச்சு. போகும்போது வாசல்ல நின்னு சொன்னாரு.

"இனிமே நோண்டாத ருக்கு. உன்னப் பத்தி நாலு பேரு நாலு விதமா பேசறாங்க. இப்படியே போச்சுனா தீபிகாவ மாடியில வெச்சு நாங்களே வளத்துக்கறோம். வயசுப் பொண்ணாகப் போறா."

நான் அழல. அழுதா அவரு ஜெயிச்ச மாதிரி. என் பொண்ண என்கிட்டேர்ந்து பிரிக்கறதுக்கு ஒரு பெட்டி சாட்சி சொல்லுதுனா, அந்தப் பெட்டிய வெச்சே இந்தாள ஒரு வழி பண்றேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

என் வீட்டுக்காரரோட பழைய போன் அலமாரியில கெடந்துச்சு. சார்ஜ் போட்டு எழுப்பினேன். அதுக்கு ஹரிஷ்னு பேரு வெச்சேன். ஹரிஷ்னு எனக்கு யாரையும் தெரியாது. எங்க சந்துலயும் அந்தப் பேருல ஆள் கெடையாது. தீபிகா ஸ்கூலுக்கு போனதும் அந்த போன வைஃபையில சேத்துவிட்டேன், அவ வர்றதுக்கு முன்னாடி அணைச்சேன். மறுநாளும் அப்படியே. நான் பாட்டுக்கு ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு, எலும்பு டாக்டர் எப்ப வருவாரு, கண்ணு டாக்டர் எப்ப வருவாருன்னு சொல்லிட்டு இருந்தேன். பக்கத்துல ஹரிஷ் சாரு நிம்மதியா சார்ஜ் ஏறிட்டு இருந்தாரு.

அந்த வாரமே மாமா நியாயம் கூட்டிட்டாரு.

எங்க சந்துல நியாயம்னா அம்மன் கோயில் வாசல்தான். தலைவரு கோவிந்தப்பா. வழக்கம் என்னன்னா, ஒரு தட்டுல கற்பூரம் ஏத்துவாங்க. புகார் சொல்றவங்க அதுமேல கைய நீட்டி, தன் கண்ணால பார்த்தத மட்டும்தான் சொல்லணும். காதுல விழுந்தது செல்லாது. மாமா வருஷா வருஷம் ஆடியில தீச்சட்டி எடுக்கறவரு. வேற எங்க வேணா பொய் சொல்லுவாரு, கற்பூரத்து மேல மட்டும் சொல்ல மாட்டாரு. இது எனக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் அவரா கூட்டட்டும்னு வாய மூடிட்டு இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை காலையில சந்தே கூடிடுச்சு. பொம்பளைங்க எல்லாம் வேலைய அப்படியே போட்டுட்டு வந்து நின்னாங்க. அத்தை முக்காடு போட்டு ஓரமா உக்காந்தாங்க.

"தம்பி பொண்டாட்டி, அதுவும் புருஷன் இல்லாதவ. சொல்லவே நாக்கு கூசுது"ன்னு மாமா ஆரம்பிச்சாரு. "மொதல்ல கிரண்ணு ஒருத்தன். இப்ப ஹரிஷ்னு ஒருத்தன். நாள் தவறாம பகல் பூரா இவ வீட்டுலதான் கெடக்கறான். குழந்தை வர்ற நேரத்துக்கு கெளம்பிடறான். தீபிகாவ எங்ககிட்ட ஒப்படைக்கணும். அவ்ளோதான் நான் கேக்கறது."

கூட்டத்துல ஒரே சலசலப்பு. ஒருத்தி "அம்மாடி!"ன்னே சொல்லிட்டா.

நான் எழுந்தேன். "தலைவரே, மாமாவ கற்பூரத்துல கை நீட்டச் சொல்லுங்க. ஹரிஷ கண்ணால பார்த்தேன்னு சொல்லட்டும். சொல்லிட்டாருனா என் பொண்ண நானே மாடிக்கு கூட்டிட்டுப் போய் விடறேன்."

கோவிந்தப்பா கற்பூரத்த ஏத்தி தட்ட நகத்தினாரு. "நியாயம்தானே. கை நீட்டுப்பா."

மாமா கை பாதி வழியில நின்னுச்சு. "அது வந்து... கண்ணால பார்க்கல. ஆனா எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"எப்படிய்யா தெரியும்? கேக்கறேன்ல?"

கற்பூரம் எரியுது. அம்மன் எதிர்ல நிக்கறா. பாவம், மனுஷன் மாட்டிக்கிட்டாரு. "நெட்டு பெட்டியில தெரியும். யாரு போன் கனெக்ட் ஆனாலும் பேரு வரும். என் போன்லேர்ந்தே பார்க்கலாம்."

நான் பையிலேர்ந்து அந்தப் பழைய போன எடுத்து தட்டுக்குப் பக்கத்துல வெச்சேன். "இவருதான் தலைவரே ஹரிஷ். மாமா தம்பியோட போன்தான், பேரு மட்டும் நான் வெச்சது. நல்லாப் பார்த்துக்கோங்க மாமா, நாள் தவறாம எங்க வீட்டுலதான் கெடந்தாரு."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியல. அப்புறம் சிரிப்பு கெளம்புச்சு பாருங்க! ஆனா கோவிந்தப்பா சிரிக்கல. அவரு மூஞ்சி கறுத்துப் போச்சு.

"இரு இரு. எங்க வூட்டுலயும் உன் பெட்டிதானே மாட்டியிருக்க? என் மருமக கெடக்கா, பொண்ணு கெடக்கா. அங்க யாரு வர்றா போறான்னும் பார்க்கறியா நீ?"

சிரிப்பு அப்படியே நின்னுச்சு. பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. சந்துல எல்லார் வீட்டுலயும் மாமா பெட்டிதான். பின்னாடி நின்ன எதிர்வீட்டு ஜூடித் தொடப்பக்கட்டையோடயே முன்னாடி வந்தா. "அண்ணே, எங்க வீட்டுல எத்தனை போன் இருக்கு? சொல்லுங்க, நீங்கதான் கணக்கு வெச்சிருப்பீங்களே!"

மாமா ஏதோ சொல்ல வாயத் தெறந்தாரு. யாரும் கேக்கல.

கோவிந்தப்பா மாமாவ எழவே விடல. "மொதல்ல இந்தப் பொண்ணுக்கு அந்த பாஸ்வேர்ட குடு. அப்புறம் ஒவ்வொரு வூடா ஏறி எறங்கு. குடுக்கலனா உன் ஒயர் என் கம்பத்துல இருக்காது."

எல்லாருமா எங்க வீட்டுக்கு வந்தாங்க. லேப்டாப்ப தெறந்து நீட்டினேன். மாமா குனிஞ்ச தலை நிமிராம தட்டினாரு. இத்தனை நாளா பூட்டியிருந்ததெல்லாம் வரிசையா தெறந்துச்சு. சந்துல எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டாம், அதையும் அவர் வாயாலயே சொல்ல வெச்சோம். நான் உக்காந்து புது பாஸ்வேர்ட் வெச்சேன். வெளியிலேர்ந்து உள்ள வர்ற வழிய அணைச்சேன். மாமா போன குடுங்கன்னு வாங்கி, அதுல எங்க வீட்ட தெறந்து பார்க்கச் சொன்னேன். தெறக்கல. என்னமோ புது வீட்டுல பால் காய்ச்சின மாதிரி இருந்துச்சு எனக்கு.

கோவிந்தப்பா தொண்டைய செருமினாரு. "ஆச்சு. எந்த ஆம்பளையும் வரல, போகல. ருக்மிணி நெருப்பு. யாரும் இனிமே அவள ஒரு வார்த்தை சொல்லக்கூடாது."

அத்தை கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. "எனக்குத் தெரியும், என் மருமக அப்படிப்பட்டவ இல்லன்னு." எல்லாரும் தலையாட்டினாங்க. அவ்ளோதான், வாய மூடிட்டு இருந்தா முடிஞ்சு போயிருக்கும். பொண்ணு என்கிட்ட, பெட்டி என்கிட்ட, நல்ல பேரும் என்கிட்ட.

ஆனா அந்த நல்ல பேரு எனக்கு எரிச்சலா இருந்துச்சு. யாரும் வரலன்னு நிரூபிக்கவா நான் இவ்வளவு பண்ணேன்? வந்திருந்தா என்னவாம்? அப்ப பெட்டி சொன்னது சரின்னு என் பொண்ண தூக்கிட்டுப் போயிருப்பீங்களா?

சாமி மாடத்துலேர்ந்து ஒரு கற்பூரத்த எடுத்து தட்டுல வெச்சு பத்த வெச்சேன். கோவிந்தப்பா பதறினாரு. "நீ எதுக்கும்மா? உன்ன யாரும் கேக்கலயே!"

"கேக்கலதான். நானா சொல்றேன்." கைய நீட்டினேன். சூடு உள்ளங்கையில ஏறுச்சு. "ஹரிஷ்னு யாரும் இல்ல. கிரண் இருக்கான். அவன் வந்தான். ஹெட்செட் குடுக்க வந்தவன் டீ குடிச்சிட்டு ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தான். எனக்கு அவன புடிச்சிருக்கு. திரும்பவும் வருவான், நான்தான் வரச் சொல்லுவேன். அப்ப வாசக்கதவ தெறந்தேதான் வெச்சிருப்பேன். என் பொண்ணு என்கூடத்தான் இருப்பா."

கற்பூரத்து மேல சொன்னத மறுத்துப் பேசறது எங்க சந்து வழக்கம் இல்ல. கோவிந்தப்பா என்னைப் பார்த்தாரு, தட்டப் பார்த்தாரு, துண்ட உதறி தோள்ல போட்டுக்கிட்டு வெளிய நடந்தாரு. ஒவ்வொருத்தரா கலைஞ்சாங்க. ஜூடித் மட்டும் போகும்போது என் தோள்ல ஒரு தட்டு தட்டிட்டுப் போனா.

கடைசியா அத்தை எழுந்தாங்க. மாடிப்படி ஏறினாங்க. பாதிப் படியில நின்னு, திரும்பாமலே கேட்டாங்க.

"அப்ப இனிமே நீ சொன்னாத்தான் எனக்கு எதுவும் தெரியுமா?"

"ஆமா அத்தை. கேளுங்க, சொல்றேன்."