இரண்டாவது கையெழுத்து

ஐந்து மணிக்கு எழுந்தேன். மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துப் புளித்த சோளக் கூழைச் சூடாக்கினேன். குடித்தேன். ஒரு கோப்பை, ஒரு கரண்டி. கழுவிக் கவிழ்த்தேன். பைனாகுலரைத் துடைத்தேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கதவைப் பூட்டினேன்.

பறவைச் சங்கத்தின் ஜீப் ஆறு மணிக்கு வந்தது. எங்கள் ஊர் மொகொட்லொங்கிலிருந்து மலை உச்சிக்கு இரண்டு மணி நேரம். சங்கத் தலைவர் லெட்லாட்சா ஓட்டினார். பின்னால் பள்ளி ஆசிரியை மாலினேயோ.

"ஒல்லியாயிட்டே லெபெகோ. தாடிக்கழுகு உன்னை எலும்புன்னு தூக்கிட்டுப் போயிடப் போவுது."

"போகட்டும்க்கா. பாறைமேல போட்டு உடைக்கும், அவ்வளவுதானே."

"வாய் மட்டும் இளைக்கல."

எலும்பு தின்னும் தாடிக்கழுகு எப்போதாவதுதான் கண்ணில் படும். அதனால் சங்கத்தில் ஒரு விதி. அரிய பறவையை ஒருவர் மட்டும் பார்த்தால் நோட்டில் ஏறாது. கூடவே பார்த்த இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

போன ஜூனில், குளிர்காலத்தில், என் மனைவி கஹ்லிசோவை இதே உச்சிக்குக் கூட்டிவந்தேன். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. இந்த மலைகளில் அவள் பார்க்காத பறவை இது ஒன்றுதான். பனிக்காற்றில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எதிர்ப் பாறைக்கு மேல் ஒரு பிணந்தின்னிக் கழுகு போயிற்று.

"அதோ, தாடிக்கழுகு!" என்றேன்.

அவள் பைனாகுலரில் வெகுநேரம் பார்த்தாள். பைனாகுலரை உறையில் போட்டாள். இறங்கினோம்.

அவளுக்காகச் சொன்ன பொய் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்குக் குளிர்ந்தது. பசித்தது.

நான்காம் நாள் இறந்தாள். கடைசியாக என்ன சொன்னாள் என்று அடக்கத்தில் எல்லோரும் கேட்டார்கள். "பார்த்துட்டேன்னு சொன்னா" என்றேன். அழுதார்கள். லெட்லாட்சா அங்கேயே நோட்டைத் திறந்து தாடிக்கழுகுக்கு நேரே அவள் பெயரை எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

இன்று பத்தரை மணிக்குத் தாடிக்கழுகு வந்தது. எங்கள் காலுக்குக் கீழே, பாறை விளிம்பை ஒட்டி. நீண்டு ஒடுங்கிய இறக்கை, ஆப்பு போன்ற வால், துருநிற மார்பு. வேறெதுவென்றும் நினைக்க முடியாத பறவை.

"கஹ்லிசோ பார்த்தது இதாத்தான் இருக்கும்," என்றாள் மாலினேயோ, கண்ணைத் துடைத்தபடி.

லெட்லாட்சா நோட்டை எடுத்தார். "அவ பதிவைத் தலைநகருக்கு அனுப்பறேன்பா. பேரு அச்சுல வரும். நீ ஒரு வார்த்தை உறுதி சொன்னாப் போதும்."

"அது பிணந்தின்னிக் கழுகு, ஐயா."

"எது?"

"அவ பார்த்தது. தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தைத் தேடி எடுத்து அவள் பெயரின் மேல் கோடு போட்டார். நான் போட்டிருக்க வேண்டிய கோடு.

"அவளுக்குத் தெரியுமா?" என்றாள் மாலினேயோ.

"அவளுக்கா தெரியாது?"

"அப்போ பார்த்துட்டேன்னு சொன்னது?"

"சொல்லல. நானாச் சொன்னதுக்கா."

"அடப்பாவி. பின்ன என்னதான்டா சொன்னா?"

கடைசி நாள் ஆஸ்பத்திரியில் அவள் தலைக்கடியில் தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"வால் சதுரமா இருந்துச்சு லெபெகோ. கையெழுத்துப் போட்டுடாதே."