அடுத்த ஆள் வரும்வரை

மலை முழுக்க மழை. சிற்றாலயத்தின் கண்ணாடி ஜன்னலில் பகல் வெளிச்சம் கரைந்து வழிகிறது. பீடத்தில் கதிர்ப்பாத்திரம், சுற்றிலும் பொன் கதிர்கள் விரிந்த தாங்கி. அதன் நடுவே வெள்ளையாக ஒரு சிறு அப்பம். அதற்குள் இயேசுவே இருக்கிறார் என்பது நம்பிக்கை.

எதிரே டெல்பின். முழங்காலில்தான் இருக்கிறாள். ஆனால் முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

இளைஞர் முகாமில் சேவை செய்ய வந்தவள். அம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல் தூத்துக்குடியில் பஸ் ஏறியவள். வந்ததிலிருந்தே எல்லாவற்றின்மேலும் சந்தேகம். பிள்ளைகள் பாட்டின் நடுவே அழுதால், அழவைப்பது கீபோர்டா கடவுளா என்று சந்தேகம். முகாமை நடத்தும் சிஸ்டர் சிரித்தால், எதற்கு இத்தனை சிரிப்பு என்று சந்தேகம்.

நேற்றுப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடும்போது அவளுக்கே காரணமில்லாமல் ஒரு சந்தோஷம் வந்தது. அதையும் நம்பவில்லை.

எப்படி நம்புவாள்? தம்பி வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவன். கூட ஆள் வராததால் தனியாகப் போனவன். ஊர்க் கோயிலில் இதே அப்பத்தின் முன்னால் நாள் முழுக்கக் கிடந்தாள். கடல் வள்ளத்தை மட்டும் திருப்பித் தந்தது.

அன்றைக்கே கேட்டாள், உள்ளே இருக்கிறீரா இல்லையா என்று. பதில் வரவில்லை. எழுந்து போய்விட்டாள்.

ஆராதனைக்கு வைத்த இந்த அப்பத்தை, நற்கருணையை, தனியாக விடக்கூடாது. அதுதான் வழக்கம். ஒருவர் எழுந்தால் இன்னொருவர் வந்து இருக்கவேண்டும். டெல்பினுக்கு அடுத்த ஆள் ஜெனோவா.

ஜெனோவா வரவில்லை.

மழை வலுத்தது. முழங்கால் மரத்தது. சமையற்கட்டிலிருந்து சுக்குக்காப்பி மணம். போனால் யார் பார்க்கப்போகிறார்கள்? எழுந்தாள். கதவுவரை போனாள்.

வெறும் அப்பந்தானே. அப்படியென்றால் போகவேண்டியதுதானே.

கால் நகரவில்லை. சீ, இதென்ன கூத்து. திரும்பி வந்து உட்கார்ந்தாள். இப்போது தன்மேலேயே சந்தேகம். பழக்கமாக இருக்கும். சிஸ்டர் திட்டுவாரென்ற பயமாக இருக்கும். யோசித்துப் பார்த்தாள், எதுவும் பொருந்தவில்லை. மழை பெய்துகொண்டே இருந்தது.

ஒருவழியாக ஜெனோவா வந்தாள், தொப்பலாக நனைந்து. மைதானத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளை விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வருகிறாள்.

"மன்னிச்சிருங்கக்கா. இம்புட்டு நேரமாவா இருந்தீங்க? கதவச் சாத்திட்டுப் போயிருக்கலாம்லா."

டெல்பினுக்குச் சுள்ளென்று வந்தது.

"தனியா விட்டுட்டா போகச் சொல்லுத?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. இத்தனை கோபம் எங்கிருந்து வந்தது? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெறும் அப்பத்துக்காக யாரும் இப்படிச் சண்டைக்குப் போவதில்லை.

ஜெனோவா மிரண்டுபோய் முழங்காலிட்டாள். டெல்பினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. முறை முடிந்துவிட்டது, போகலாம். போக மனமில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

பிறகு, ஜெனோவாவுக்குக் கேட்காத குரலில் அப்பத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அவனையும் நீரு தனியா விடலதானே?"

பதில் வரவில்லை. அவளும் எழுந்து போகவில்லை.