ஆறு அம்புகளுக்கு ஒரு தூணி

தேவானந்தம் மேசைமேல் மூன்று அம்பறாத்தூணிகளை எடுத்து வைத்தார். ஒன்று முதுகில் மாட்டுவது. ஒன்று இடுப்பில் கட்டுவது. மூன்றாவது வில்லிலேயே பொருத்திக்கொள்வது. அது தூணி மாதிரியே இல்லை, சீப்பு மாதிரி இருந்தது.

நரசிம்மலு முதுகில் மாட்டுவதை எடுத்தார். கோயில் தூண்களில் அவர் பார்த்திருந்தது அந்த மாதிரிதான்.

"இதையே குடுத்துருங்க" என்றார்.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி பங்காரம்மா ஒரு நீள அட்டைப்பெட்டியை மடியில் கிடத்தியிருந்தாள். அதற்குள் ஆறு அம்புகள். மகன் ரித்விக்குடையவை. கொலராடோவில் அவனோடு ஒரே வீட்டில் குடியிருந்த நவநீத், போன மாதம் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். இரும்பு முனைகளை மட்டும் கழற்றிவிட்டிருந்தான். வில்லைக் கொண்டுவர முடியவில்லை என்றான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ரித்விக் இறந்து பதினோரு மாதம் ஆகிறது. உறைபனிச் சாலையில் கார் சறுக்கிவிட்டது. வயது இருபத்தெட்டு.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருசத் திதிக்கு இறந்தவர் படத்தின் முன்னால் புதுத்துணி வைப்பார்கள். உயிரோடு இருக்கும்போது அவர் கேட்டு, கிடைக்காமல் போன பொருள் ஏதாவது இருந்தால் அதையும் வாங்கி வைப்பார்கள். நரசிம்மலுவின் அப்பாவுக்கு ஒரு டிரான்சிஸ்டர் வைத்தார்கள். சின்னம்மாவுக்கு ஒரு ஜோடி வெள்ளைக்கல் தோடு.

ரித்விக் கேட்டுக் கிடைக்காதது ஒன்றுதான்.

அங்கே அரசாங்கத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு காட்டில் மான் வேட்டைக்குப் போகலாம். பெரும்பாலானவர்கள் துப்பாக்கியோடு போவார்கள். இவன் வில்லோடு போனான். இழுப்பதற்கு உதவும் சக்கரம் கிடையாது, குறிபார்க்கும் கருவி கிடையாது, வெறும் மரவில். மூன்று வருசம் போனான், ஒன்றையும் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் மான் பார்த்த கதையைத்தான் சொல்லுவான். இருபது அடியில் நின்றது, காதை ஆட்டியது, போய்விட்டது என்பான். சும்மா வேடிக்கை பார்ப்பதற்கு எதற்கடா வில்லு, ஒரு மடக்குநாற்காலி வாங்கிக்கொள் என்று நரசிம்மலு கேலி செய்வார். அவனும் சிரிப்பான்.

போன வருசம் செப்டம்பரில் ஒரு செய்தி அனுப்பினான். பழைய தூணி கிழிந்துவிட்டது. கோயமுத்தூரில் தோல்வேலை நன்றாகச் செய்வார்களே, ஒன்று செய்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தான். இடுப்பில் கட்டுவது. ஆறு அம்பு போதும். நடந்தால் சத்தம் வரக்கூடாது. கடைசியில் இரண்டு எழுத்து: எல்.எச்.

கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தை அனுப்பினார் நரசிம்மலு. பட்டறையில் தீபாவளி வேலை நெருக்கிக்கொண்டிருந்தது. தீபாவளி கழியட்டும் என்று விட்டார். டிசம்பரில் நவநீத்தின் போன் வந்தது.

"அவன் இடுப்புலன்னு கேட்டிருந்தானுங்க" என்றாள் பங்காரம்மா.

நரசிம்மலு முதுகுத் தூணியைக் கீழே வைத்தார்.

தேவானந்தத்தின் பட்டறை கோயமுத்தூரில் திருச்சி சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தது. குதிரைச் சேணமும் தூணியும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். பின்னால் நாலைந்து தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆர்டர்களைப் பார்த்துக்கொள்வது மகள் ஜெனிதா. மூலை மேசையில் கணினிக்கு முன் இருந்தாள்.

காட்டில் நடக்கிறவர்களுக்கு இடுப்பில் கட்டுவதுதான் சரி என்றார் தேவானந்தம். முதுகில் இருந்தால் கிளையில் மாட்டும். பெட்டியிலிருந்து ஆறு அம்புகளையும் கேட்டு வாங்கி, முதலில் முதுகுத் தூணியில் போட்டு நரசிம்மலுவின் காதருகே ஆட்டினார். கடகடவென்றது. பிறகு இடுப்புத் தூணியில் போட்டு ஆட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. அடியில் ஆட்டுரோமத்தோடு தோல் வைத்துத் தைத்திருக்கிறது என்றார்.

"மான் காதுங்க. நம்ம காதாட்டம் இல்லை."

"அதேதான் கேட்டிருந்தான். சத்தம் வரக்கூடாதுன்னு."

"வேற ஏதாச்சும் கேட்டிருந்தாருங்களா?"

நரசிம்மலு போனை எடுத்து அந்தச் செய்தியைக் காட்டினார். தேவானந்தம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"எல்.எச்.னு போட்டிருக்குதுங்களே."

"லெதருங்க. தோல்லதான் வேணும்னு."

தேவானந்தம் மகளைப் பார்த்தார். ஜெனிதா எழுந்து வந்து படித்தாள்.

"அங்கிள், அது லெஃப்ட் ஹேண்டுங்க. எங்களுக்கு வர்ற ஆர்டர்ல எல்லாம் அப்படித்தான் போடுவாங்க. அவருக்கு அம்பு எடுக்கற கை இடது கைங்க."

கருமத்தம்பட்டியில் நரசிம்மலுவுக்கு லேத் பட்டறை. விசைத்தறிக்கு உதிரிபாகம் செய்கிறார். முப்பத்தைந்து வருசமாக எல்.எச். மரை வெட்டுகிறார். இடப்பக்கம் திரும்புகிற மரை. வரைபடத்தில் அந்த இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் மாற்றி வெட்டுகிறவனை அவர் திட்டினால் ரோட்டு வரைக்கும் கேட்கும்.

"இல்லை கண்ணு. என் பையன் சோத்தாங்கைக்காரன். எழுதறது, சாப்பிடறது எல்லாம் அதுலதான்."

சிலர் எழுதுவது ஒரு கை, வில் பிடிப்பது ஒரு கை என்று இருப்பார்கள் என்றாள் ஜெனிதா. அவன் வில்லோடு நிற்கும் போட்டோ ஏதாவது இருந்தால் பார்த்துவிடலாம். வலதுகைக்காரர் தூணியை இடதுகைக்காரர் கட்ட முடியாது, வார் மாறும், வாய் சாய்வு மாறும்.

போட்டோ இருந்தது. போனைத் திறந்தாலே அதுதான். ரித்விக் பனிக்காட்டில் கட்டம்போட்ட கம்பளிச் சட்டையோடு நிற்கிறான். வில்லை இழுத்து நாண் கன்னத்தில் பட்டிருக்கிறது. இதே படம்தான் வீட்டுக் கூடத்தில் பெரிதாகச் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

"பாருங்க. எந்தக் கையில இழுக்கறான்?"

வலது கைதான். ஜெனிதா தலையசைத்தாள். அப்படியானால் தான் தவறாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்றாள். தேவானந்தம் மட்டும் போனைத் திருப்பித் தரவில்லை. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

"இது ஆம்பளைச் சட்டைங்களா?"

"ஆமா. ஏனுங்க?"

"பட்டன் மாறி இருக்குதுங்க. ஆம்பளைச் சட்டைக்குப் பட்டன் சோத்தாங்கைப் பக்கம் வரும். இதுல பீச்சாங்கைப் பக்கம் இருக்குது. படம் திரும்பியிருக்குதுங்க."



நரசிம்மலு போனை வாங்கிக்கொண்டார். பார்க்கவில்லை.

"திருப்புனது நான்தானுங்க" என்றார்.

நவநீத் அந்தப் படத்தை அனுப்பியபோது அதில் ரித்விக் இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தான். போனில் எடுக்கும் படங்கள் சில நேரம் கண்ணாடியில் தெரிவது போல் மாறி விழும் என்று நரசிம்மலு கேள்விப்பட்டிருந்தார். ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பிதுரையிடம் போய், கை மாறி விழுந்திருக்கிறது, சரி செய்து பெரிதாக்கிக் கொடு என்றார். நல்லாத் தெரியுமுங்களா என்று தம்பிதுரை இரண்டு தடவை கேட்டான். என் மகனை எனக்குத் தெரியாதா என்றார். தம்பிதுரை திருப்பிக் கொடுத்தான். பதினோரு மாதமாக அதற்குத்தான் மாலை போடுகிறார்கள்.

படம் வந்த அன்றே, மூஞ்சி அவனாட்டம் இல்லை என்று பங்காரம்மா சொன்னாள். அழுத கண்ணுக்கு அப்படித்தான் தெரியும் என்றார். அவள் மறுபடி சொல்லவில்லை.

இப்போது அவள் தெலுங்கில் சொன்னாள். வீட்டில் பேசுவது தெலுங்குதான். அந்த இரண்டு பேருக்கும் புரிய வேண்டாம் என்று குரலையும் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்க பட்டறைக்குப் போனதும் அவன் கையை அவுத்து விட்டுருவேன்."

நரசிம்மலு திரும்பவில்லை.

"அந்தக் கையிலதான் சாப்பிடுவான். உங்க வண்டிச் சத்தம் கேட்டா மாத்திக்குவான். காலேஜ் போற வரைக்கும்."

அவனுக்கு அப்போது நாலு வயது. எதை எடுத்தாலும் இடது கையால் எடுத்தான். அக்கா வீட்டுக் கல்யாணப் பந்தியில் இடது கையால் சோற்றைப் பிசைந்தபோது எதிர்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் நரசிம்மலு அவன் இடது கையை ஈரிழைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். அடிக்கவில்லை. அவர் யாரையும் அடித்தவரில்லை. ஒரு மாதத்தில் பையன் மாறிவிட்டான். லேத்தில் நிற்கப் போகிறவனுக்கு வலது கைதான் வேண்டும், எல்லா மிஷினும் அதற்குத்தான் செய்திருக்கிறது என்று பட்டறையில் சொல்லிக்கொண்டார். நாலு பேரிடம் இந்த வைத்தியத்தைச் சொல்லியும் கொடுத்தார்.

தேவானந்தம் எழுந்து உள்ளே போய் இன்னொரு தூணியோடு வந்தார். ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டியது, இடதுகைக்கு என்றே செய்தது. இதே மாதிரி ஒன்று செய்ய பத்து நாள் ஆகும், திதிக்குள் முடித்துவிடலாம் என்றார். பிறகு நரசிம்மலுவை எழுந்து நிற்கச் சொன்னார். கட்டிப் பார்த்தால்தான் வார் நீளம் தெரியும். பையன் உயரம் அப்பா உயரம்தானா என்று கேட்டார்.

"ரெண்டு விரல்கடை கூட" என்றாள் பங்காரம்மா.

தூணி நரசிம்மலுவின் இடது இடுப்பில் உட்கார்ந்தது. ஜெனிதா அம்புகளைச் செருகினாள். அவர் வலது கை குறுக்கே வந்து இறகைத் தொட்டது. அம்பு பாதி வந்து, அவர் வயிற்றில் இடித்து நின்றுவிட்டது.

"இந்தக் கையிலங்க அங்கிள்" என்று ஜெனிதா அவர் இடது முழங்கையை மெல்லத் தொட்டாள்.

அவர் இடது கையால் எடுத்தார். விரல் வளையவில்லை. அம்பு வாய்விளிம்பில் மாட்டியது. விட்டுவிட்டு மறுபடி எடுத்தார். ஒன்று வந்தது. அதை மேசைமேல் வைத்தார். இரண்டாவது கை தவறிக் கீழே விழுந்தது. ஜெனிதா குனியப்போனாள். தேவானந்தம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நரசிம்மலுவே குனிந்து எடுத்தார், அதையும் இடது கையால். ஆறும் மேசைக்கு வர வெகுநேரம் ஆனது. நெற்றியில் வேர்த்திருந்தது. துடைக்க வலது கையைத்தான் தூக்கினார்.

"இதையே செஞ்சுருங்க. எல்.எச்.னு எழுதிக்குங்க" என்றார்.

காரில் திரும்பினார்கள். கருமத்தம்பட்டி வந்ததும் வீட்டுக்குப் போகாமல் தம்பிதுரையின் ஸ்டூடியோ முன்னால் நிறுத்தினார்.

திதியன்று கூடத்தில் பழைய சட்டத்தில் புதுப்படம் இருந்தது. ரித்விக் இடது கையால் நாணை இழுத்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் படியில் விழுந்து பட்ட தழும்பு இடது புருவத்துக்குத் திரும்பி வந்திருந்தது. பங்காரம்மா மாலை போடப் போனவள் போடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புருவம் மறையாமல் மாலையைச் சற்று இறக்கிப் போட்டாள்.

புதுச் சட்டையும் வேட்டியும் தாம்பாளத்தில் இருந்தன. பக்கத்தில் தூணி, ஆறு அம்புகளோடு. தோலைப் படத்துக்கு முன்னால் வைக்கலாமா என்று வந்திருந்தவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். கேட்டுக் கிடைக்காதது அதுதான் என்றதும் விட்டுவிட்டார்கள்.

நரசிம்மலு தலைவாழை இலையைக் கழுவி எடுத்து வந்தார். சாப்பிடுகிறவருக்கு இலையின் நுனி இடது கைப்பக்கம் வர வேண்டும். அகன்ற பக்கம் வலது கைக்கு. படையலுக்கும் அதே கணக்குத்தான். அவர் இலையைப் படத்தின் முன் விரித்தார். ஒரு கணம் பார்த்தார். அப்புறம் இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பிப் போட்டார். நுனி ரித்விக்கின் வலப்பக்கம் போனது. தண்ணீர்த் தம்ளரையும் மாற்றி வைத்தார்.

அவருடைய அக்கா பார்த்துவிட்டாள். எழுபது வயதில் இப்படியொரு படையலைப் பார்த்ததில்லை, சாவு வீட்டிலும் இலையைத் திருப்பிப் போட மாட்டார்கள், எல்லாருக்கும் ஆகாது என்று படபடவென்று சொன்னாள். யாராவது திருப்பிப் போடுங்கள் என்று சுற்றிப் பார்த்தாள்.

"அவன் கைக்கு இதுதான் சரி, அக்கா" என்றார் நரசிம்மலு.

ஒருவரும் இலையைத் தொடவில்லை.

பங்காரம்மா பரிமாறினாள். சோறு, பருப்பு, நெய், அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய். நெய்யை இன்னொரு கரண்டி விட்டாள். அப்போது வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. பிந்தி வந்த உறவுக்காரர் யாரோ.

அவள் கரண்டி அப்படியே நின்றது. நரசிம்மலு அவளைப் பார்த்தார். பிறகு இருவரும் இலையைப் பார்த்தார்கள்.