கோல்மன் வைத்திருக்கும் அழைப்பு

கில்ஃபாரன் ஊரில் ஃபெஸ்டஸ் கான்சிடைனின் பப்பில் பதினோரு வருடமாகப் பாட்டுக்குச் சத்தம் கிடையாது. பேசலாம், தும்மலாம், ஹர்லிங் ஆட்டத்தைப் பற்றித் தொண்டை கிழியக் கத்தலாம். ராகமாக வாயைத் திறந்தால் மட்டும் வெறும் காற்றுதான் வரும். ஃபிடிலில் வில்லை இழுத்தாலும் அதே கதை. முதல் வருடம் பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். இரண்டாம் வருடம் எலெக்ட்ரீஷியன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். இருவரும் ஆளுக்கொரு கறுப்பு பியர் குடித்துவிட்டு, இது தங்கள் துறை இல்லை என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

காரணம் ஊருக்கே தெரியும். எங்கள் பக்கத்தில் பாடி முடித்தவருக்குத்தான் அடுத்து யார் பாடவேண்டும் என்று சொல்லும் உரிமை. அதற்கு அழைப்பு என்று பெயர். அழைக்கப்பட்டவர் மறுக்கக் கூடாது. அழைக்கிறவரும் ஆளின் பெயரைத்தான் சொல்லலாம், பாட்டின் பெயரைச் சொல்லக் கூடாது. தன் அம்மாவின் முதல் நினைவு நாளன்று ஃபெஸ்டஸ் பப்பில் பாடி முடித்துவிட்டு, "கோல்மன், அம்மாவோட பாட்டைப் பாடு" என்றார். தம்பி கோல்மன் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆளைக் கூப்பிடு, பாடறேன். பாட்டைக் கேட்டு வாங்க நான் என்ன ரேடியோவா?" "அண்ணன் சொன்னா கேக்க மாட்டியோ?" "மாட்டேன்." எழுந்து தெருவைக் கடந்து எதிரே இருந்த தன் வீட்டுக்குள் போனவர்தான், அப்புறம் பப் வாசலை மிதிக்கவில்லை. அழைப்பு அந்தரத்தில் மாட்டிக்கொண்டது, அன்றோடு பப்பில் பாட்டுக்குச் சத்தமும் நின்றது. பாட்டைச் சொன்ன இரண்டு வார்த்தையை ஃபெஸ்டஸ் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் அவர் பிடிவாதத்துக்குப் பேர்போன கான்சிடைன் ஆயிற்றே!

இந்த மே மாதம் தபால்காரி டிம்ப்னா ஒரு சேதி கொண்டுவந்தாள். கோல்மன் பாஸ்டனில் இருக்கும் மகளோடு போய்த் தங்கப்போகிறார், சனிக்கிழமை விமானம். "போனா போகட்டும்" என்றார் ஃபெஸ்டஸ். பிறகு ஒரே கிளாஸை அரைமணி நேரம் துடைத்தார். மறுநாள் தம்பி வீட்டைப் பார்த்த ஜன்னலில் பெரிய சுவரொட்டி ஏறியது: வியாழன் மாலை ஆறு மணிக்கு, டப்ளினிலிருந்து நாட்டார் ஃப்யூஷன் குழு. அத்தனை கருவிகளில் ஒன்றாவது தப்பித்து ஒலிக்கும், இரைச்சல் தாங்காமல் சண்டை போடவாவது தம்பி வருவான் என்பது அவர் கணக்கு. வெளியே சொல்வாரா? சொல்ல மாட்டார்.

ஏழு பேர் வந்தார்கள். யாழ், தபலா, ஆளுயர ஆஸ்திரேலியக் குழல், லேப்டாப், ஓர் ஆட்டுக்கழுத்து மணி. பாடகி ஓர்லா மண், வேர், மூதாதையர் நினைவு என்று இருபது நிமிடம் விளக்கினாள். அவள் அப்பா பல் டாக்டர். பிறகு வாசித்தார்கள். முக்கால் மணி நேரம் ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. காதில் ஏதேதோ செருகியிருந்த குழுவினர், கோளாறு தங்கள் காதுக் கருவியில்தான் என்று நினைத்துத் தொடர்ந்து வியர்த்தார்கள். டப்ளினிலிருந்து கூடவே வந்திருந்த ரசிகர்கள் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். ஒருத்தி விசும்பி அழுதாள். கழுத்தில் துண்டு சுற்றிய விமர்சகர் நோட்டுப் புத்தகத்தில் 'துணிச்சல்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். எங்களுக்குத்தான் மானம் போயிற்று. "நல்லாத்தான் இருக்கு, வார்த்தைதான் புரியல" என்றாள் டிம்ப்னா.

அப்போது கதவைத் திறந்துகொண்டு கோல்மன் வந்தார். கையில், பப்பின் இரைச்சலைப் பற்றி ஊர்க் கவுன்சிலுக்கு எழுதிய புகார்க் கடிதம். செவ்வாய்க்கிழமையே எழுதி முடித்துவிட்டார், மனிதர்.

"என்ன, சத்தமே இல்ல?"

"சத்தம் போடத்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் ஃபெஸ்டஸ். "வரமாட்டேங்குது."

"கடுதாசி வேற எழுதிட்டேன். மூணு பக்கம்."

ஃபெஸ்டஸ் பியர்க் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டார். 'அம்மாவோட பாட்டை' என்ற இரண்டு வார்த்தைகள் வாய்வரை வந்து நிற்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அவற்றை மென்று விழுங்கினார். பெரிய மாத்திரைதான் போலும், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கோல்மன்" என்றார். அவ்வளவுதான்.

கோல்மன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அம்மாவின் பாட்டு மெட்டிலேயே கடிதத்தைப் பாட ஆரம்பித்தார். 'மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு' என்ற முதல் வரியே கணீரென்று வந்தது. இரண்டாம் பக்கம் திருப்பும்போது சுவர்களில் சிக்கியிருந்த முக்கால் மணி நேர ஃப்யூஷனும் ஒரே மூச்சில் இறங்கியது. கிளாஸ்கள் அலமாரியில் இடம் மாறின, மேய்ச்சலிலிருந்த ஆடுகள் பக்கத்து ஊருக்கு ஓடின. கடிதத்திலிருந்த புகார் ஒவ்வொன்றும் அவர் பாடப்பாட உண்மையாகிக்கொண்டே வந்தது. ஃபெஸ்டஸ் அழுதார். துடைத்துக்கொள்ளவில்லை.

பாடி முடித்ததும் அழைப்பு கோல்மனுடையது. ஓர்லா கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"யாரைக் கூப்பிடறே?" என்றார் ஃபெஸ்டஸ்.

கோல்மன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அவசரமென்ன? கிறிஸ்துமஸுக்கு வந்து சொல்றேன், அண்ணே."

சனிக்கிழமை விமானம் ஏறிவிட்டார். பப்பில் மறுபடி பாட்டுக்குச் சத்தம் இல்லை. விமர்சகரின் கட்டுரைக்குப் பிறகு வியாழன்தோறும் டப்ளின்காரர்கள் வந்து அந்த நிசப்தத்தைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஓர்லாவின் குழு இரண்டு முறை வந்துவிட்டது, போன முறை மணியை மாற்றியிருந்தார்கள். ஃபெஸ்டஸ் தம்பியின் நாற்காலியை ஜன்னலோரம் போட்டு, யாரையும் உட்கார விடுவதில்லை. பாட்டு இல்லாதது கஷ்டமாக இல்லையா என்று டிம்ப்னா கேட்டாள்.

"அழைப்பை வெச்சிருக்கறவன் வந்துதானே ஆகணும்" என்றார் ஃபெஸ்டஸ்.

கிறிஸ்துமஸ் வரைக்கும் எங்கள் ஊரில் பாட்டு கிடையாது.