மூச்சு விடும் பை

"மிஷின் இருக்கில்ல?" என்று திரையரங்க மேலாளர் கேட்டபோது, "இருக்கு சார்" என்று சின்னவளின் வாய் முந்திக்கொண்டது. மனசு பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவதற்குள் அவர் தலையை ஆட்டிவிட்டார்.

"அப்ப செவ்வாய்க்கிழமை காலைல வந்து கீழ்ப் படிக்கட்டு கார்ப்பெட்டைச் சுத்தம் பண்ணிக் காட்டு. நல்லா இருந்தா தியேட்டர் முழுக்க உன் பொறுப்பு. இல்லைன்னா கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டுடுவேன். வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தாகணும், பாத்துக்கோ."

வீட்டுக்கு இளையவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் சின்னவள். நாற்பதைத் தாண்டியும் உதிரவில்லை. அந்தத் திரையரங்கை அவள் வருஷக்கணக்காகப் பெருக்கியிருக்கிறாள், ஆனால் ஒரு ஒப்பந்தக்காரரின் கீழே. எந்த வரிசையில் காதலர்கள் உட்கார்வார்கள், எந்த இருக்கைக்கு அடியில் சூயிங்கம் ஒட்டியிருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெள்ளையடிப்பதற்காக அரங்கை மூடியதும் ஒப்பந்தக்காரர் வேறு ஊருக்கு மூட்டை கட்டிவிட்டார். இப்போதுதான் முதல் தடவையாக அந்த வேலை அவள் பேரிலேயே வரப்பார்க்கிறது. கணவர் தையல்காரர். அவர் வேலை பார்த்த ஆயத்த ஆடை யூனிட்டையும் மூடிவிட்டார்கள். தையல்காரர் அன்றிலிருந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டால் அதுவும் இல்லை. இந்த வேலை கை நழுவினால் அந்த வீட்டில் அடுத்து என்ன என்று கேட்கவும் ஆள் இல்லை, சொல்லவும் ஆள் இல்லை.

புது மிஷின் விற்கும் கடையின் கண்ணாடிக் கதவை அவள் திறக்கவே இல்லை. வெளியில் நின்று பார்த்துவிட்டு நேரே பழைய சாமான் கடைக்குப் போனாள். உடைந்த மின்விசிறிகளுக்கும் கால் போன மேசைகளுக்கும் நடுவே அது நின்றுகொண்டிருந்தது. நின்றபடியே தள்ளிக்கொண்டு போகும் அந்தக் காலத்து வேக்குவம் கிளீனர். கனத்த இரும்புத் தலை, நீண்ட கைப்பிடி, அதிலிருந்து கிழிந்து தொங்கும் துணிப்பை. சம்பந்தி வீட்டுச் சண்டையில் சட்டை கிழிந்த பெரிய மனுஷனைப் போல, கிழிந்தும் விறைப்பாக இருந்தது.

"ஓடாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றார் கடைக்காரர்.

"ஓடலைன்னா எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"வாங்கறதுக்கு யாராவது வராமலா போயிடுவாங்கன்னுதான். வந்துட்டீங்களே!"

மாடிப்படியில் அதை ஒவ்வொரு படியாக இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. எதிர்வீடு அவளுடைய அக்காவின் வீடுதான். உடன்பிறந்தவள் எதிரிலேயே இருப்பது ஒரு கொடுப்பினை என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் வேறு தெருவில் இருக்கிறார்கள்.

"என்னடி இது, குப்பை அள்ளப் போறவ குப்பையையே வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற?"

"மிஷின்க்கா."

"ஏற்கெனவே வீட்டுல ஒண்ணு ஓடாம உக்காந்திருக்கு. அதுக்குத் துணைக்கா?"

கதவு திறந்திருந்தது. உள்ளே நாற்காலியில் இருந்தவர் காதில் அது விழாமல் இருக்க வழியில்லை. சின்னவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வாயைத் திறந்தால் வார்த்தை தடித்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிஷினை உள்ளே உருட்டினாள்.

தையல்காரர் திரும்பிப் பார்த்தார். "ஓடுமா?"

"ஓட வைக்கணும்."

"யாரு?"

அவள் கூடத்தில் செய்தித்தாளை விரித்தாள், மிஷினைக் குப்புறக் கவிழ்த்தாள், அடித்தகட்டைக் கழற்றினாள், பிரஷைச் சுழற்றும் ரப்பர் பெல்ட்டை நழுவவிட்டாள், உள்ளே சுழலும் உருளை பிரஷை உருவி எடுத்தாள். பிரஷ் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. யார் யாருடைய தலைமுடியோ, நூலோ, கம்பளி இழையோ, சுற்றிச் சுற்றி இறுகி ஒரு கட்டையாகவே ஆகியிருந்தது. அதைக் கொண்டுபோய் அவர் நாற்காலிக்கு முன்னால் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, உலை வைக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டாள். அவரோடு குடித்தனம் நடத்திய பெண்ணுக்கு ஒன்று தெரியும். அவரால் எதை வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியும், சிக்கல் விழுந்த நூலைத் தவிர.

எட்டிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. தையல்காரர் தரையில் சம்மணமிட்டு, தையல் பிரிக்கும் சின்னக் கத்தியால் அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டிருந்தார். நாக்கின் நுனி உதட்டோரத்தில் எட்டிப் பார்த்தது. மும்முரமாக வேலை செய்யும்போது மட்டும் வரும் நாக்கு. அவள் சத்தம் போடாமல் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

பிறகு இரண்டு பேருமாக அதைப் பிரித்து மேய்ந்தார்கள். சோப்பு நீரில் நனைத்த பழைய பல் பிரஷால் அவள் மூடியின் இடுக்குகளைத் தேய்க்கத் தேய்க்க, சாம்பல் நிறம் என்று நினைத்திருந்தது வழிந்து ஓடி, அடியிலிருந்து வெளிர்நீலம் வந்தது. துரு பிடித்த பட்டையைப் பற்பசை போட்டுத் தேய்த்ததில் அதில் முகம் தெரிந்தது. கன்னம் மட்டும் கொஞ்சம் அகலமாக. மோட்டார் உறுமியதே தவிர சுற்றவில்லை. அவர் பக்கவாட்டுத் திருகைக் கழற்றி, உள்ளே தேய்ந்து நகக்கண் அளவுக்கு ஆகிவிட்ட, மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொண்டுபோகும் கார்பன் துண்டுகளை எடுத்துக் காட்டினார்.

"தையல் மிஷின் மோட்டார்லயும் இதேதான். என் பழைய மோட்டார் பரண்ல கிடக்கு, அதுல பெரிய சைஸ் இருக்கும். உப்புத்தாள்ல தேச்சா உள்ள போயிடும்."

"தேயுங்க, முதலாளி."

"முதலாளி நீதானம்மா. நான் கூலிக்கு."

யூனிட் மூடிய பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. அவள் சிரிக்கக்கூடப் பயந்தாள், சிரித்தால் பறந்துவிடும் என்பதைப் போல.

கார்பன் மாற்றியதும் மோட்டார் ஓடியது. மிச்சம் இருந்தது பை. அங்கேதான் வினை வந்தது. தையல்காரருக்குத் தையலில் சமாதானம் என்பதே கிடையாது. குடைக்கும் மழைக்கோட்டுக்கும் போடுகிற வழவழப்பான துணியை எடுத்து, இரட்டை மடிப்பு வைத்து, மடிப்புக்கு மேல் மடிப்பாகத் தைத்தார். "ஒரு தூசு வெளிய வரட்டும், நான் மீசையை எடுத்துடறேன்" என்றார். பை அழகு என்றால் அப்படி ஒரு அழகு. அதை மாட்டிவிட்டு, கால்மிதியின் மேல் சாம்பலைத் தூவிவிட்டு, சின்னவள் சுவிட்சைப் போட்டாள்.

பை ஒரே மூச்சில் உப்பியது. பூசணிக்காய் மாதிரி விறைத்து நின்றது. மிஷின் அலறியது. சாம்பலோ இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அசைந்த கொஞ்சமும் அடியிலிருந்து புகையாகக் கிளம்பி இரண்டு பேர் முகத்திலும் அப்பியது.

சத்தம் கேட்டு வந்த அக்கா வாசலிலேயே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "மாப்பிள, சுத்தம் பண்ற மிஷினா, சாம்பல் பூசிவிடற மிஷினா?"

தையல்காரர் சுவிட்சை அணைத்தார். "மோட்டார்ல சக்தி இல்ல. நான் அப்பவே நினைச்சேன். கடைக்காரன் தலைல கட்டிட்டான்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைப் பார்த்து நடந்தார். அந்த நடை சின்னவளுக்குத் தெரிந்த நடை. உட்கார்ந்தால் இனி எழுந்திருக்க மாட்டார்.

"நில்லுங்க."

அவள் மறுபடி சுவிட்சைப் போட்டாள். பையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. விரல்களுக்கிடையே ஒரு துளிக் காற்றும் வரவில்லை.

"மோட்டார்ல குறை இல்லீங்க. உங்க தையல்லயும் குறை இல்ல. அதான் குறையே. உள்ள இழுத்த மூச்சை எங்கயாவது விட வேணாமா? நீங்க ஊசி முனை அளவுக்குக்கூட வழி விடல. இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருந்தா அது எப்படிங்க அடுத்த மூச்சு வாங்கும்?"

அவர் திரும்பி வந்து பையைத் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் தொட்டுக்கொண்டே நின்றார். தன் தையலைத் தானே பிரிப்பது ஒரு தையல்காரருக்குப் பெற்ற பிள்ளையை வைவது மாதிரி. ஆனாலும் பையைக் கழற்றினார். பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்து, மடிப்புக் கலையாமல் வைத்திருந்த யூனிட்டின் மேல்கோட்டை எடுத்து வந்தார். நெருக்கமாக நெய்த முரட்டுப் பருத்தி. யூனிட்டில் கடைசி நாளன்று கழற்றி வைத்ததை அவர் துவைக்கக்கூட விட்டதில்லை.

"இதுவா?" என்றாள் சின்னவள்.

"தூசை நிறுத்தும், காத்தை விடும். வேற எதுக்கு இது?" என்று சொல்லிவிட்டுக் கத்தரியை வைத்தார். முதல் வெட்டில் மட்டும் கை தயங்கியது. பிறகு அந்த அறையில், பல மாதங்களுக்குப் பிறகு, தையல் மிஷின் ஓடியது. அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, யாரும் கேட்காமலே துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "பிடிச்சது போதும், இழுக்காதீங்க" என்று தையல்காரர் அதட்டினார். "ஆமா, பெரிய டிசைனர்" என்றாள் அவள். ஆனால் இழுக்கவில்லை. இந்தத் தடவை பை உப்பியபோது அதைச் சுற்றி இளஞ்சூடான காற்று மெல்லக் கசிந்தது. கால்மிதியில் சாம்பல் இருந்த சுவடே இல்லை. கோட்டின் பாக்கெட்டை அவர் பிரிக்காமல் விட்டிருந்தார். மிஷினின் வயிற்றில் அது ஒரு சட்டைப் பை மாதிரி இருந்தது. "உதிரி பெல்ட் வெச்சுக்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மிஷினைத் தூக்க ஒருவர் போதவில்லை. தையல்காரர் சட்டையை மாட்டினார். "வண்டி வரைக்கும் வரேன்" என்றவர், வண்டியிலும் ஏறி, திரையரங்க வாசலிலும் இறங்கினார்.

படிக்கட்டுக் கம்பளம் காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது. மேலே வெள்ளையடிப்பவர்கள் சாரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மேலாளர் மிஷினை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுவா மிஷின்? என் வயசு இருக்கும் போலிருக்கே."

"உங்களை மாதிரிதான் சார், பாக்கத்தான் பழசு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் சின்னவள். அவர் சிரித்தாரா இல்லையா என்று பார்க்காமல் சுவிட்சைப் போட்டாள்.

குப்பை உள்ளே போகவில்லை. முன்பக்கமாகச் சீறிப் பறந்து மேலாளரின் பளபளப்பான ஷூவில் கொட்டியது.

சாரத்திலிருந்து யாரோ விசிலடித்தார்கள். மேலாளர் கைப்பேசியை எடுத்தார். "சரிம்மா, உன்மேல தப்பில்ல. கம்பெனிக்கே சொல்லிடறேன்."

தையல்காரர் முகம் வெளிறி நின்றார். கிளம்புகிற அவசரத்தில் பிரஷை இன்னொரு தடவை துடைத்து மாட்டியவர் அவர்தான். அந்த பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கித்தான் மாட்ட வேண்டும். வாழ்நாள் முழுக்கத் தையல் மிஷினுக்கு பெல்ட் மாட்டிய கை, பழக்கதோஷத்தில் மறுபக்கமாக முறுக்கிவிட்டது. பிரஷ் எதிர்த்திசையில் சுற்றியது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவளுக்கும் அது புரிந்துவிட்டது. அவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனுஷன் மறுபடியும் நாற்காலிக்குப் போய்விடுவார்.

"சார், போன் பேசி முடிக்கிறதுக்குள்ள சரி பண்ணிடறேன். நீங்க பேசுங்க" என்றாள். மிஷினைக் கவிழ்த்தாள். தகட்டைத் தள்ளினாள். "பிடிங்க" என்று உருளையை அவர் கையில் கொடுத்தாள். அவர் பிடித்தார். அவள் பெல்ட்டை இந்தப் பக்கமாக முறுக்கி இழுத்து மாட்டினாள். தகட்டை மூடினாள். மேலாளருக்கு மறுமுனையில் இன்னும் மணி அடித்துக்கொண்டிருந்தது.

முதல் படியில் மிஷினை ஓட்டி எடுத்தாள். காப்பிப் பொடிக்கு நடுவே ஒரு பட்டை, அடர்சிவப்பு. அதன்மேல் மஞ்சள் இலைகள். அந்தக் கம்பளத்தில் இலைகள் இருப்பது அங்கே வேலை பார்க்கும் யாருக்குமே தெரியாது.

"ஹலோ, ஹலோ" என்று கைப்பேசிக்குள் யாரோ கூப்பிட்டார்கள். மேலாளர் அதைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "இது சிவப்பா!"

சின்னவள் மேலிருந்து இழுத்தாள், தையல்காரர் கீழிருந்து தாங்கினார். "மெதுவா, மெதுவா, ஓரத்தை விட்டுட்ட பாரு" என்று அவர் சொல்ல, "கண்ணு இருக்கு, நீங்க வயரைப் பாருங்க" என்று அவள் சொல்ல, படி படியாகச் சிவப்பு மேலே ஏறியது. உச்சிப் படியை முடித்துவிட்டு அவள் இடுப்பில் கையை வைத்துத் திரும்பியபோது, கீழே வரை இலைகள் உதிர்ந்து கிடந்ததைப் போல இருந்தது. தையல்காரர் சட்டை முழுக்க வியர்வை. நெற்றியில் ஒரு கோடு தூசு. அவர் நிமிர்ந்து நின்றிருந்தார்.

சாரத்திலிருந்து இறங்கிய வெள்ளையடிப்பவர் ஒருவர், சுண்ணாம்பு படிந்த செருப்போடு மேல்படிக்கு முன்னால் வந்து தயங்கினார். "நான் எப்படிக்கா கீழ போறது? எனக்கு டீ குடிக்கணுமே!"

"செருப்பைக் கழட்டுய்யா! கழட்டிட்டு இறங்கு!" என்று கீழேயிருந்து மேலாளர் போட்ட சத்தம் காலி அரங்கம் முழுக்க எதிரொலித்தது. அவர் தன் ஷூவையும் ஏற்கெனவே கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

வெள்ளையடிப்பவர் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, தண்ணீரில் கால் வைப்பவரைப் போல ஒவ்வொரு படியாக இறங்கினார். அவர் பாதம் பதிந்த இடமெல்லாம் சிவப்பு கொஞ்சம் அமுங்கியது. அவர் அடுத்த படிக்குப் போனதும், நசுங்கிய இழைகள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், மறுபடி எழுந்து நின்றன.