ஒன்றரை மீட்டர் கொடி

சுதனின் அக்கா மகள் தர்சனா, கடலுக்கு அக்கரையில் இலங்கையின் மன்னாரில் ஒரு சின்ன வானொலியில் அறிவிப்பாளராகச் சேர்ந்திருந்தாள். ஞாயிறு மாலை நாலு மணிக்கு முதல் நிகழ்ச்சி. "மாமா, உங்கட பேர் சொல்லுவன். பதிவெல்லாம் அனுப்ப மாட்டன், நேராக் கேக்கோணும்," என்று போனில் சொல்லிவிட்டாள். அந்த வானொலி இணையத்திலும் வராது.

தங்கச்சிமடம் கடற்கரையில் நின்றால் சுதனின் ரேடியோவில் கணீரென்று கேட்டது. அவன் குடியிருந்த மாடி அறைக்குள் வந்தால் அப்பளம் பொரிகிற சத்தம்தான். அவன் மட்டும் கடற்கரைக்குப் போய்க் கேட்கவும் வழியில்லை. மனைவி டிலக்ஷனாவுக்குக் காலில் மாவுக்கட்டு. அவளை விட்டுவிட்டுக் கேட்டால், பிறகு ஒரு மாதத்துக்கு வீட்டில் அவள்தான் வானொலி.

வெளியே ஆன்டெனா கட்டவும் முடியாது. முன்பு குடியிருந்தவர் டிஷ் மாட்டத் துளை போட்டு, மழைக்குக் கூரை ஒழுகியதிலிருந்து, ஒரு ஒயர் கண்ணில் பட்டாலும் காலி செய்யச் சொல்லிவிடுவாள் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி இராமலட்சுமி.

சுதன் இராமநாதபுரத்தில் மாலை வகுப்பில் ரேடியோ பழுதுபார்க்கப் படிக்கிறவன். எழுபத்தைந்தை அலைவரிசை எண்ணால் வகுத்தால் ஆன்டெனாவின் ஒரு கை எத்தனை மீட்டர் என்று வரும். இந்த வானொலி நூறில் வந்தது. ஆக முக்கால் மீட்டர். கணக்கு இவ்வளவு சுலபமாக வந்ததே அவனுக்குச் சந்தேகமாயிருந்தது. மறுபடி போட்டான். முக்கால்தான். ஒயரை வெட்டுமுன் மூன்று தடவை அளந்தான். இரண்டு கைகளையும் நடுவில் பிளாஸ்டிக் துண்டில் பொருத்தி, அங்கிருந்து ஒரு ஒயரை ரேடியோவுக்கு இறக்கினான். யாராவது கேட்டால் துணி உலர்த்தும் கொடி என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு முனை ஜன்னல் கம்பியில். மறுமுனையைக் கட்டப் பீரோவை இழுக்க வேண்டியிருந்தது.

"மேல என்னத்தய்யா உருட்டுறீக?" கீழிருந்து இராமலட்சுமியின் குரல்.

"ஒண்டுமில்லை அக்கா, கொடி கட்டுறம்," என்றாள் டிலக்ஷனா கட்டிலில் இருந்தபடியே.

அடுத்த நிமிடம் படியில் தடதடவென்று கால்கள். "எந்தக் கட்சிக் கொடி? எம் மச்சினன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. எதைக் கட்டுனாலும் ஒருத்தன் எங்கூடப் பேச மாட்டான். அவுத்துப்புடு."

"துணி போடுற கொடி அக்கா."

"துணி எங்க?"

மணி நாலு. ரேடியோவில் அப்பளம் பொரிந்துகொண்டிருந்தது. நீளம் தப்பு, எல்லாம் தப்பு என்று சுதன் மனதுக்குள் மறுபடி கணக்குப் போட்டான்.

"இது ஒயராச்சே," என்று இராமலட்சுமி அதன் முனையை இறுகப் பிடித்தாள்.

"வணக்கம் நேயர்களே, நான் தர்சனா," என்றது ரேடியோ.

இராமலட்சுமி பதறிக் கையை எடுத்தாள். மறுபடி அப்பளம்.

"விடாதேங்கோ அக்கா," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"கரண்டு அடிக்குமா?"

"அடிக்காது. ஓம், இது ஆன்டெனாதான், பொய் சொல்லிப்போட்டம். பிடிச்சுக்கொண்டே திட்டுங்கோ," என்றான் சுதன்.

அவள் பிடித்துக்கொண்டே திட்டினாள். கூரை, துளை, டிஷ் எல்லாம் வந்தது. நடுவில் காதைச் சாய்த்தாள். "யாரு புள்ள அது?"

"என்ர அக்கான்ர மகள்."

"தெளிவாத்தான் பேசுது," என்று மிச்சத்தைத் திட்டாமல் விட்டாள்.

"அடுத்த பாட்டு, தங்கச்சிமடத்தில இருந்து கேட்டுக்கொண்டிருக்கிற..."

"ஆத்தி, நம்ம ஊரச் சொல்லுது," என்று இராமலட்சுமி இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, கை!"

அவள் திரும்பப் பிடித்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்குத் தர்சனாவே கூப்பிட்டாள். "மாமா, கேட்டனீங்களோ? பேருக்கு முன்னால என்ன சொன்னன், சொல்லுங்கோ பாப்பம்."

அந்தக் கேள்வி பக்கத்தில் நின்ற இராமலட்சுமிக்கும் கேட்டது. அவள் போனைப் பிடுங்கினாள். "தாயி, ஒங்க மாமா பேரு வரயில நாந்தான் கைய எடுத்துட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம இன்னொரு தரம் சொல்லு, நான் விடாமப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

போனைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

"எம் பேரு இராமலட்சுமி."